சாவியைப் படம் பிடிச்சுப் போடாதீங்க

எங்கள் அத்தை திறக்காத பூட்டு பூமியில் கிடையாது. பூமியில் மட்டுமா? நிலாவுக்குக் கதவு வைத்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, சாவியைச் சூரியனுக்குள் வீசிவிட்டு வந்தாலும், அத்தை ஒரு கொண்டை ஊசியோடு போய் நின்றால் போதும், நிலா தானே திறந்துகொண்டு "உள்ள வாங்கக்கா" என்று சொல்லும். ராஜாவின் கஜானா, வங்கியின் பாதாள அறை, கஞ்சனின் மனசு எல்லாமே அவளுக்கு அஞ்சு நிமிஷ வேலை. அவளால் பூட்ட முடியாமல் போன ஒரே பொருள் அவளுடைய வாய்.

இது அத்தை கடைக்காக நான் எழுதிய முதல் போஸ்ட். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"இதுல ஒரு வரியாவது நிஜமா இருக்காடி?"

"கடைசி வரி, அத்தை."

பல் வெட்டாத சாவி ஒன்று என் காதோரமாகப் பறந்து போய்ச் சுவரில் மோதியது. போஸ்ட் வெளியாகவில்லை.

அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. அப்பா வெளியூர் வேலைக்குப் போனதில் இருந்து நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். பத்தாவது பரீட்சையை இரண்டு தடவை எழுதியும் அது என்னைத் தேர்வு செய்யாததால், அவள் கடையிலும் இருக்கிறேன். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க பல் வெட்டாத சாவிகள். நடுவில் சாவி வெட்டும் மெஷின். அது ஓடும்போது பறக்கிற பித்தளைத் தூள் அத்தையின் புருவத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயில் பட்டால் அவள் முகமே மினுங்கும். கோபத்தில் மினுங்குகிறாளா, தூளில் மினுங்குகிறாளா என்று தெரியாமல் பலர் மாட்டிக்கொண்டதுண்டு.

அந்த மெஷினே கோபத்தில் வந்ததுதான். அத்தை பூட்டு செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணை சூப்பர்வைசர் ஒருத்தன் கை நீட்டி அடித்தான். ஏன் அடித்தாய் என்று அத்தை கேட்டாள். கேட்டது வாயால் மட்டும் இல்லை என்று அப்பா சொல்வார். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. கம்பெனி வாசலில் பழைய இரும்போடு கிடந்த இந்த மெஷினை எடைக்கு வாங்கி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, அந்த சூப்பர்வைசர் பார்க்கும்படி ரோட்டின் நடுவில் தள்ளிக்கொண்டு வந்தாளாம்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போவாள். பூட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள்.

"கதவைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படறது என்ன?"

சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பிறகுதான் திறப்பாள். ஒரு தடவை டை கட்டிய ஒருத்தர், "பெரிய டிவி" என்றார். திறந்தால் பழைய செருப்பு அடுக்கு. அத்தை அடுத்த அடி வைக்காமல் கதவைச் சாத்தி, மறுபடி பூட்டி, வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். அந்த ஆள் வீட்டுக்காரர் இல்லை, வீட்டுக்காரரோடு சண்டையில் இருந்த மச்சான்.

இப்படிப்பட்டவளுக்கு சோஷியல் மீடியா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்டாள்.

பக்கத்துத் தெருவில் நாலு பிளாக், தொண்ணூற்றாறு வீடு உள்ள ஒரு குடியிருப்பு. எல்லா வீட்டுக்கும் புதுப் பூட்டு போட முடிவு செய்தார்கள். முதலில் இருபது வீடு அத்தைக்குக் கொடுத்தார்கள். மீதி எழுபத்தாறு யாருக்கு என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். அந்த வேலை வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஷட்டரை வேறு யாராவது தூக்குவார்கள். அத்தை இதைச் சொல்லவில்லை. ஆனால் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது வழக்கத்தைவிட மெதுவாகத் துடைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

குடியிருப்பின் செகரெட்டரி சார் சொன்னார்: "எதிர்ல இருக்கற பூட்டுக்கடைக்காரர் தினம் வீடியோ போடறார்மா. கமிட்டில எல்லாம் சின்ன வயசுக்காரங்க. உங்க பேஜ் எங்கன்னு கேக்கறாங்க."

அப்போதுதான் பேக்கேஜ் அண்ணன் உள்ளே வந்தான். கடைகளுக்குப் பேஜ் நடத்திக் கொடுப்பது அவன் தொழில். எதைக் கேட்டாலும் "அது பேக்கேஜ்ல வருதுக்கா" என்பான். பேர் வைக்க நான் கஷ்டப்படவே இல்லை.

"அக்கா, மக்கள் பாக்கணும். அவ்வளவுதான் விஷயம். ஒன்பது செகண்ட்ல ஒரு பூட்டைத் திறங்க, பாட்டு போட்டு விடறேன்."

அத்தை ஒரு மலிவான பூட்டை ஒன்பது செகண்டில் திறந்தாள். வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். நான் குதித்தேன். பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. முதல் ஆள் மனைவியின் அலமாரியைத் திறக்க வேண்டும் என்றான். இரண்டாவது ஆள், இதைக் கற்றுக்கொடுக்க எத்தனை நாள் ஆகும், ஆதாரம் எதுவும் கேட்க மாட்டீர்களே என்றான். மூன்றாவதாக செகரெட்டரி சார்.

"நீங்க ஒன்பது செகண்ட்ல திறந்தா, திருடன் எத்தனை செகண்ட்ல திறப்பான்மா? எங்க வீட்ல யாரும் தூங்கல."

நாலு லட்சம் பேரில் ஒருத்தர்கூட ஒரு டூப்ளிகேட் சாவி வெட்ட வரவில்லை. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எங்கள் கடையில் என்ன வேலை? பேக்கேஜ் அண்ணன் அசரவில்லை. பதினோராயிரம் பேரைப் பேஜுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவர்களில் பாதிப் பேருக்கு முகமே இல்லை.

"நீங்களே நாலு பேர்ல நல்லதா எழுதிப் போட்டுக்குங்கக்கா. எல்லாரும் செய்யறதுதான்."

அத்தை மெஷினை நிறுத்தினாள். "வராதவங்க பேர்ல நன்றி எழுதிக்கறதும், ஆள் இல்லாத வீட்டுக்குச் சாவி வெட்டிக்கறதும் ஒண்ணுதான் தம்பி." என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் சேத்துதான் சொல்றேன், வாலு."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

"வேலையைக் காட்டு, வேலையைக் காட்டு" என்று பேக்கேஜ் அண்ணன் என்னிடம் ஓதிக்கொண்டே இருந்தான். அந்த இருபது வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு சாவி கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். அத்தை வெட்டி முடித்து வரிசையாக மாட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அட்டையில் பிளாக்கும் வீட்டு நம்பரும். காலை வெளிச்சத்தில் இருபது சாவியும் நகைக்கடை மாதிரி மின்னின. படம் எடுத்தேன். குடியிருப்பின் பெயரையும் பெருமையாகச் சேர்த்து, "எங்கள் கைவண்ணம்" என்று எழுதிப் போட்டேன்.

மத்தியானம் அத்தை போனை வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இதை எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

"நாலாயிரம்" என்றேன். குரலில் பெருமை வேறு.

"நாலாயிரம் பேருக்குச் சாவி கொடுத்திருக்க. கூடவே விலாசமும்."

எனக்குப் புரியவில்லை. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். செகரெட்டரி சார் வீட்டு அட்டை தொங்கிய சாவியின் பல் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று பார்த்துப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் அஞ்சு எண் எழுதினாள். சுவரில் மாட்டியிருந்த அசல் சாவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த எண்களை வைத்தே புதிதாக ஒன்று வெட்டினாள். மெஷின் சத்தத்துக்குப் பின்னால் நான் படத்தை அழித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

பேக்கேஜ் அண்ணன் போனில், "அழிச்சாச்சு இல்ல? விடுங்கக்கா. வாயைத் திறக்காதீங்க, யாருக்கும் தெரியாது" என்றான்.

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லி வைத்துவிட்டாள். பையை எடுத்தாள். "நீயும் வா. படம் எடுக்கத் தெரிஞ்ச கைக்குப் பை தூக்கவும் தெரியணும்."

செகரெட்டரி சார் முதலில் சிரித்தார். "படத்தைப் பாத்து யாரும்மா சாவி செய்யப் போறா? அதான் எடுத்துட்டீங்களே."

"கொஞ்சம் வெளிய வாங்க சார். கதவைப் பூட்டுங்க."

பூட்டினார். அத்தை அந்தப் புதுச் சாவியை எடுத்தாள். போடுவதற்கு முன் பழக்கதோஷத்தில், "கதவைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படறது என்ன சார்?" என்றாள்.

"நானேதான் இப்ப உள்ளேர்ந்து வந்தேன்" என்றார் அவர் எரிச்சலோடு.

சாவி உள்ளே போய் முக்கால் வழியில் மாட்டியது. செகரெட்டரி சார் முகத்தில் ஒரு நிம்மதி. அத்தை வெளியே எடுத்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி போட்டாள். டக்கென்று திறந்தது. உள்ளே அவர் பேத்தி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அவர் அந்தக் குழந்தையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. கடைசியில் சொன்னது மட்டும்:

"இந்த இருபது பூட்டையும் சரி பண்ணிட்டுப் போயிடுங்க. மீதிக்கு எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக்கறோம்."

அத்தை "இவதான் செஞ்சா" என்று என்னை நோக்கி ஒரு விரல்கூட நீட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இருபது வீட்டுக் கதவையும் நாங்களே தட்டினோம். ஒவ்வொரு வாசலிலும் அத்தை நின்று தவறை முதலிலிருந்து சொன்னாள். பூட்டைக் கழற்றி, பழைய சாவி சேராதபடி உள்ளே இருக்கிற குட்டிக் குட்டிப் பித்தளைப் பின்களை மாற்றி, புதுச் சாவி வெட்டிக் கொடுத்தாள். மூன்று நாள். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருத்தர் கதவைப் பாதி திறந்து, பின்களை எண்ணிக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துப் பிடித்து அவளுடைய வலது கட்டைவிரல் வீங்கி, மோதிரம் போட்ட மாதிரி சிவந்திருந்தது. இரண்டாம் நாள் நடுவே பேக்கேஜ் அண்ணன் அடுத்த மாதப் பேக்கேஜ் பற்றிப் பேச வந்தான். அவன் வண்டிச் சக்கரத்துக்கு யாரோ ஒரு பூட்டைப் போட்டுவிட்டார்கள். யாரென்று எனக்குத் தெரியாது. அவன் அத்தையிடமே வந்து திறக்கச் சொன்னான்.

"வண்டி உங்களுதுன்னு என்ன ஆதாரம் தம்பி?" என்றாள் அத்தை. சிரிக்கவே இல்லை. பதினோராயிரம் பேரையும் கூட்டிக்கொண்டு வந்து சாட்சி சொல்லச் சொன்னாள். அவன் வண்டிப் பெட்டியில் இருக்கும் மழைக்கோட்டின் நிறத்தைச் சொன்ன பிறகுதான் பூட்டு திறந்தது. அதோடு அவன் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை, கடைசி வீட்டை முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். நான் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். செகரெட்டரி சாரின் மருமகள் ஒரு படம் போட்டிருந்தாள். அத்தை முந்தாநாள் வெட்டிக் கொடுத்த புதுச் சாவி, கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தபடி. "புதுப் பூட்டு, புதுச் சாவி, இனி நிம்மதி" என்று எழுதியிருந்தாள். அத்தையிடம் காட்டினேன்.

புருவத்துத் தூள் மினுங்கியது.

"எடுடி போனை. பேசறேன்."

"அத்தை, முகம் கழுவிட்டு..."

"எடுங்கறேன்."

பாட்டு இல்லை, விளக்கு இல்லை. பின்னால் படிக்கட்டும் யாரோ காயப்போட்ட மிதியடியும். அவள் பேசியதை அப்படியே தருகிறேன்:

"நான் சாவிக்கடைக்காரி. புது வீட்டுக்குப் போறீங்க, சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைச் சாவியைத் தூக்கிப் பிடிச்சுத்தான் காட்டணுமா? நீங்க பல்லைக் காட்டுங்க, சாவி காட்ட வேண்டாம். அந்தப் படத்தைப் பாத்து நான் இருபது நிமிஷத்துல இன்னொண்ணு வெட்டிடுவேன். நான் நல்லவ. பாக்கறவன் எல்லாம் நல்லவனா? மூணு நாள் முன்ன எங்க கடையிலயே இந்தத் தப்பு நடந்துச்சு. இருபது வீட்டுச் சாவியைப் படம் போட்டோம். தப்பு எங்களது. இருபது பூட்டையும் மாத்திக் கொடுத்துட்டுத்தான் இங்க உக்காந்திருக்கேன், விரலைப் பாருங்க. நீங்க போட்டிருந்தா இப்பவே எடுங்க. எடுத்தா மட்டும் பத்தாது, பூட்டுக்குள்ள பின்னை மாத்துங்க. என்கிட்டதான் வரணும்னு இல்ல, பக்கத்துல யார் இருக்காங்களோ அங்க போங்க. ஆனா போங்க. சொல்றதைக் கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவ்வளவுதான். நான் ஒரு எழுத்தும் சேர்க்காமல் போட்டேன்.

பார்த்தவர்கள் நாலு லட்சம் இல்லை, நாலாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் செகரெட்டரி சாரின் மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் படத்தை எடுத்துவிட்டு, இதைக் குடியிருப்புக் குழுவில் போட்டாள். அங்கிருந்து அடுத்த குடியிருப்பு, பள்ளிக்கூட அம்மாக்கள் குழு, ஒரு ஆஸ்பத்திரி நர்சுகள் குழு. மறுநாள் காலையில் ஷட்டர் தூக்கும்போது வாசலில் ஏழு பேர். ஒரு புது மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி, "நானும் போட்டுட்டேன்கா" என்றான். "எத்தனை பேர் பாத்தாங்க?" என்று அத்தை டாக்டர் மாதிரி கேட்டாள்.

அதற்குப் பிறகு பேஜ் அத்தையுடையதாகிவிட்டது. பேக்கேஜ் அண்ணன் சேர்த்த பதினோராயிரம் பேரையும் நீக்கச் சொன்னாள். மிஞ்சியது அறுநூற்றுச் சொச்சம். "இவங்களுக்கு எல்லாம் இந்த ஊர்ல கதவு இருக்கில்ல? போதும்" என்றாள். மேலே கடை நேரத்தையும், வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் போட வைத்தாள். கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதினாள். பாதிப் பதில் திட்டுதான். திட்டு வாங்கவே சிலர் கேள்வி கேட்டார்கள். யார் வீட்டுக் கதவும் யார் சாவியும் படத்தில் வராது. வருவது அத்தையின் முகமும் அவள் கோபமும் மட்டும்.

செகரெட்டரி சார் பத்து நாள் கழித்து வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தப்பை வீட்டுக்கு வந்து சொன்னவங்ககிட்டயே மீதி வேலையும் இருக்கட்டும்னு கமிட்டில சொல்லிட்டாங்க. எனக்கு இன்னும் கோபம்தான்."

"எனக்கும்தான் சார்" என்றாள் அத்தை.

"எழுபத்தாறு. சீக்கிரம் முடிங்க. வீட்ல எல்லாரையும் திட்டாம முடிங்க."

"சீக்கிரம் முடிக்கிறேன்."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருத்தன் வந்து எழுதினான்: "பொம்பளைக்கு எதுக்குப் பூட்டு திறக்கிற வேலை? எந்தெந்த வீட்டைக் காலி பண்ணினாளோ." நாற்பது பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். மூன்று நாள் விரல் வீங்க உழைத்தவளைப் பற்றி. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினில் என் விரலையே கொடுத்திருப்பேன். அத்தை படித்துவிட்டு, "நாய் குரைக்குது, விடு" என்றாள். ஆனால் அன்று முழுக்க வெட்டிய சாவிகளில் இரண்டு கோணலாகப் போயின.

நல்லவேளை, உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். அன்று சாயங்காலமே "நன்றியுள்ள அம்மா" என்று ஒரு பெயரில் யாரோ வந்து அவனுக்குச் சரியான பதில் கொடுத்தார்கள். தன் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டதையும், அடுப்பு எரிந்துகொண்டிருந்ததையும், சாவிக்கடை அக்கா எட்டே நிமிஷத்தில் ஓடிவந்து காப்பாற்றியதையும் உருக்கமாக எழுதியிருந்தார்கள். படித்தால் கல்லும் கரையும். யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நேற்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. நான் மெஷினுக்குப் பின்னால் சாவி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் ஏதோ தட்டினாள். என் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். நன்றியுள்ள அம்மாவுக்கு எங்கள் கடையிலிருந்து பதில் போயிருந்தது:

"நன்றி அம்மா. வயசாச்சு, ஞாபகம் இல்ல, நோட்டிலயும் காணோம். உங்க கதவைத் திறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது என்ன?"

சொல்லாமல் விட்டால் சந்தேகம். யோசிக்க நேரமில்லை. ஏதோ ஒரு வீடு, ஏதோ ஒரு வாசல் என்று கண்ணை மூடி, மனசில் முதலில் வந்ததை வேகமாகத் தட்டினேன்:

"ஆணில ஒரு நீலக் குடை. அதுக்குக் கீழ மரப் பெட்டி, ஒரு கால் குட்டை, பழைய பூட்டை முட்டுக் கொடுத்திருக்கும்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

முன்னால் அத்தையின் போன் மணி அடித்தது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. நோட்டை எடுத்து எதையோ எழுதி, மூடி வைத்தாள். பின்பக்கம் திரும்பவே இல்லை.

"சரியான பதில்தான்" என்றாள். "வீடு என்னுது. எழுதினதை அழிச்சுட்டு வெளிய வாங்க, நன்றியுள்ள அம்மா. டீ ஆறிப்போகுது."